ஒன்பது மூட்டை

மானகிரி தாண்டி, செம்மண் பொட்டலில்
ஜன்னலே வைக்காத கட்டடம்.
உள்ளே எதுவும் வருவதற்கு முன்னால்
நாங்கள் வந்தோம்,
அண்ணாந்து பார்த்தே கூலி வாங்குகிறவர்கள்.

தரையில் நிற்கப்போவது சர்வர்கள்.
அதற்கான ஒயரெல்லாம் தலைக்கு மேலே ஓடும்.
ஓட ஏணி வேண்டும்.
படுக்கப்போட்ட ஏணி,
யாரும் ஏறாதது.

காங்கிரீட்டில் துளை போடும்போது
ட்ரில் உள்கம்பியைத் தொட்டால் குரல் மாறும்.
சகுபர் அதைக் காதால் பிடிப்பான்.
"நிறுத்துண்ணே, எலும்பு."
இரண்டு அங்குலம் தள்ளி மறுபடி.
ஆயிரத்து நூற்றுப் பத்து துளை.
துளைக்கொரு ஆங்கர், ஆங்கருக்கொரு கம்பி,
கம்பிக்கு இரண்டு நட்டு.
மரை கழண்டவன் என்று யாரையாவது திட்டவே
பயமாக இருந்தது அந்த மூன்று மாதம்.

கரண்டுக்கு ஓர் ஏணி, டேட்டாவுக்கு ஓர் ஏணி.
நடுவில் ஓர் அடி இடைவெளி.
சம்பந்தம் பேசி முறிந்த இரண்டு வீட்டார்
ஒரே கல்யாணத்துக்கு வந்த மாதிரி
ஒரே கூரையில் தொங்கவேண்டும், உரசக் கூடாது.
குறுக்கே கடக்கலாம்,
நேராக, நிற்காமல்.

எடை வைத்துப் பார்க்கிற நாள்.
திருச்சியிலிருந்து வரவேண்டிய எடைக்கற்கள்
ஆக்ஸில் முறிந்த லாரியோடு
கீரனூரில் நின்றுவிட்டன.
மறுநாள் காலை கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.
எஞ்சினியர் உமையாள் யாருக்கோ போன் போட்டாள்.
ஒரு மணி நேரத்தில்
கோட்டையூர் மில்லிலிருந்து அரிசி வந்து இறங்கியது.
இருபத்தைந்து கிலோ மூட்டை, ஒன்பது.
தூக்கியவன் கேட்டான்:
"இம்புட்டு ஒசரத்துல யாருக்குண்ணே சமையல்?"

ஏழாவது வரிசை, மூன்று மீட்டர்.
ஒவ்வொன்றாக ஏற்றினோம்.
ஆறாவது மூட்டையில் ஏணி முனகியது.
எட்டாவதில் முனகவில்லை,
அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.
ஒன்பது.
உமையாள் டேப்பை நீட்டினாள்.
ஐந்து மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது.
பதினைந்து வரை போகலாம்.
"விடிய விடிய இருக்கட்டும்" என்றாள்.

நாங்கள் சுவரோரம் ஒதுங்கினோம்.
யாரும் சொல்லவில்லை, கால்கள் தாமாகப் போயின.
அவள் பழைய பேப்பரை விரித்து
நேர் கீழே உட்கார்ந்து
பொடி தடவிய இட்லியைப் பிரித்தாள்.
தலைக்கு மேலே இருநூற்று இருபத்தைந்து கிலோ.
நான்கு இட்லி.
மூன்றாவதைச் சாப்பிடும்போது
ஒரு தரம் மேலே பார்த்தாள்.
அதை நான் மட்டும் கண்டேன்.

காலையிலும் அதே ஐந்து.
இறக்கும்போதுதான் ஒரு மூட்டை தையல் விட்டது.
தூசியே ஆகாத அறையில்
வெள்ளைத் தரையில் வெள்ளை அரிசி.
நான்கு பேர் முட்டிபோட்டுப் பொறுக்கினோம்.
கம்பெனிக்காரர் செருப்புக்கு உறை மாட்டிக்கொண்டு
உள்ளே வந்தபோது
சகுபரின் வாயில் ஒரு பிடி பச்சரிசி,
வணக்கம் சொல்ல வழியில்லை.

இப்போது ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள்,
போட்டோ, கணக்கு, பாட்டு
எல்லாம் மேகத்தில் இருக்கிறதாம்.
செல்போன் கடையில் மச்சினன் எனக்கே விளக்குகிறான்.
இருக்கட்டும்.
அந்த மேகத்துக்கு நட்டு முடுக்கியது
பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனர்.
நெகிழ்ந்ததா என்று பார்க்க
ஆறு மாதத்துக்கு ஒருமுறை அனுப்புகிறார்கள்.

நேற்றுப் போனேன்.
வெளியே நூற்றி நாலு டிகிரி,
உள்ளே பல் கிட்டும் குளிர்.
காது நிறைய இரைச்சல்.
ஏணிமேல் நீல ஒயர்கள் பட்டை பட்டையாய்,
இறுக்காமல் கட்டிய கட்டு.
ஏழாவது வரிசையில் டார்ச் அடித்தேன்.
சட்டத்தின் மடிப்பில் ஒரே ஒரு அரிசி.

தாளில் கடைசிக் கேள்வி:
டிரேயில் வெளிப்பொருள் ஏதும் உண்டா?

இல்லை என்று டிக் அடித்துவிட்டு
விளக்கை அணைத்தேன்.